நடந்தா மனசு லேசாகுமா? 'ஏழு சுற்றுக் கோட்டை'யும் சீர்காழியில் பிறந்த ஏறி இறங்கும் பாட்டும்

ஐப்பசி பிறந்துட்டா போதும், சீர்காழி, கொள்ளிடம், திருவெண்காடு பக்கம் பேச்சே மாறிடும். டீக்கடையில் முதல் கேள்வி, "காத்தழுத்தம் எங்க இருக்காம்?" என்பதுதான். காரணம் இல்லாமல் இல்லை. 2022 நவம்பர் 11-ம் தேதி, ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ மழை கொட்டியது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணி, நட்ட சம்பா மொத்தமும் தண்ணிக்கு அடியில். சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு தலா 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது அரசு. அதற்கு முன்பு 2004 சுனாமியில் இதே தாலுகாவின் கடலோரக் கிராமங்கள் என்ன பாடு பட்டன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் சில நாளில் வடிந்துவிடுகிறது. ஆனால் அடுத்த வருஷம் வானம் கறுத்ததும் தூக்கம் போய்விடுகிறது. "கடன் என்ன ஆகும், பயிர் என்ன ஆகும், இன்சூரன்ஸ் வருமா வராதா"ன்னு ஒரே யோசனை திரும்பத் திரும்ப ஓடும். மனசு வட்டமடிக்கிறது என்று நாம சொல்வது இதைத்தான்.

இப்படி வட்டமடிக்கும் மனசுக்கு, காலால் வட்டமடிப்பது உதவும் என்கிறார்கள் சிலர். வெளிநாடுகளில் ஆஸ்பத்திரி, சர்ச், பூங்கா என்று பல இடங்களில் இதற்காகவே தரையில் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் லேபிரிந்த். கேட்க புதுசாக இருக்கும். ஆனால் இதே பாதை தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாகத் தரையில் கிடக்கிறது, 'ஏழு சுற்றுக் கோட்டை' என்ற பெயரில். இது என்ன, நிஜமாகவே வேலை செய்யுமா, வீட்டிலேயே போட முடியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேபிரிந்த் என்றால் என்ன?

பொருட்காட்சியில் குழந்தைகள் புகுந்து தொலைந்து போகும் புதிர்ப்பாதை பார்த்திருப்பீர்கள். பத்து இடத்தில் வழி பிரியும், ஒன்பது வழி முட்டுச்சந்தில் போய் நிற்கும். அது வேறு. அதற்கு ஆங்கிலத்தில் மேஸ் என்று பெயர். நாம் பேசும் சுற்றுப்பாதையில் தொலையவே முடியாது. ஒரே நுழைவு, ஒரே பாதை, ஒரே நடு. எங்கேயும் வழி பிரியாது. வளைந்து வளைந்து போனால் கடைசியில் நடுவில் போய் நிற்பீர்கள். வந்த வழியே திரும்பினால் வெளியே வந்துவிடுவீர்கள்.

"அப்ப இதுல என்ன இருக்கு?" என்று கேட்கத் தோன்றும். விஷயமே அதில்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததில் இருந்து நாம் முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எந்த உரம், எந்தக் கடன், எந்தப் பள்ளிக்கூடம், எந்த மெசேஜுக்கு என்ன பதில். இந்தப் பாதைக்குள் வந்துவிட்டால் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. கால் வைக்க வேண்டிய இடத்தைப் பாதை சொல்லிவிடும். அதே நேரம், அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு பழைய கவலையிலேயே ஊறிப்போகவும் முடியாது. கவனிக்கவும் வேண்டும், முடிவெடுக்கவும் வேண்டாம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

ஏழு சுற்று வடிவத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. வெளியில் இருந்து உள்ளே 1, 2, 3 என்று சுற்றுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நுழைந்ததும் முதல் சுற்றுக்குப் போகமாட்டீர்கள். நேராக மூன்றாவது சுற்று. "அட, சீக்கிரம் போயிடலாம் போல" என்று நினைக்கும்போதே பாதை இரண்டாவது சுற்றுக்குத் தள்ளும், பிறகு ஆக வெளியே இருக்கும் முதல் சுற்றுக்கு. அங்கிருந்து நான்கு. அடுத்து ஏழாவது சுற்று. நடு இடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் போக முடியாது. திரும்பவும் ஆறு, ஐந்து என்று விலகி வந்து, எதிர்பாராத ஒரு திருப்பத்தில் சட்டென்று நடுவுக்குள் விட்டுவிடும்.

அதாவது 3, 2, 1, 4, 7, 6, 5, அப்புறம் நடு. நடந்து பார்த்தவர்கள் அதிகம் பேசுவது இந்த ஏழாவது சுற்றைப் பற்றித்தான். கிட்ட வந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் எரிச்சல் வரும். குறுக்கே ஒரே தாவாகத் தாண்டிவிடலாமா என்று தோன்றும். தாண்டினால் யாரும் கேட்கப்போவதில்லை, சும்மா கோடுதானே! அந்த நேரத்தில் உங்களுக்கு வரும் எரிச்சல், அவசரம், சிரிப்பு எதுவானாலும், வயலிலும் ஆபீசிலும் உங்களுக்கு வருகிற அதே எரிச்சலும் அவசரமும்தான். அதைப் பத்து நிமிஷத்தில் தள்ளி நின்று பார்க்க முடிகிறது.

இன்னொன்று: ஒவ்வொரு சுற்று மாறும்போதும் திசையும் மாறும். ஒருமுறை வலமாக, மறுமுறை இடமாக. கோயில் பிரதட்சணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கோயிலில் பொதுவாக வலம்தான்.

தமிழ்நாட்டில் எங்கே இருக்கு?

பொள்ளாச்சி அருகே கெடிமேடு என்ற இடத்தில் சுமார் 56 அடிக்கு 56 அடி அளவில், சதுர வடிவத்தில் ஒரு சுற்றுப்பாதை அடையாளம் காணப்பட்டது. சுமார் பத்து வருஷத்துக்கு முன்பு செய்திகளில் பெரிதாக வந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பகுதியிலும், கிருஷ்ணகிரி மாவட்டம் பைரேகவுனியிலும் தரையில் கல் அடுக்கிப் போட்ட சுற்றுப்பாதைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சொல்வது 'ஏழு சுற்றுக் கோட்டை' அல்லது சக்கரவியூகக் கோட்டை. வேண்டுதலோடு இதில் நடந்து நடுவைத் தொட்டுவிட்டு வரும் வழக்கத்தையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2,000 வருஷம், 3,000 வருஷம் என்று இவற்றுக்கு வயசு சொல்லி வரும் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகவே படிக்க வேண்டும். தரைமேல் பரப்பி வைத்த கல் எப்போது வைக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. பக்கத்தில் பழைய ஈமச்சின்னம் இருக்கிறது என்பதற்காக இதுவும் அதே காலம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வயசு எதுவாக இருந்தாலும், இந்த வடிவம் நம் ஊருக்குப் புதுசு இல்லை என்பது மட்டும் தெளிவு.

'கோட்டை' என்ற பெயரையும் கவனியுங்கள். நம் கற்பனையில் இது போர்க்களம். பாரதக் கதையில் அபிமன்யுவுக்குச் சக்கரவியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. கர்நாடகத்தின் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலில், 12-ம் நூற்றாண்டுச் சிற்பமாகவே இந்தக் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிக்கிக்கொள்ளும் பயத்தைச் சொன்ன அதே வடிவத்தை ஊர் ஜனம் வேண்டுதலுக்கு நடக்கும் பாதையாகவும் வைத்துக்கொண்டது ஆச்சரியமான விஷயம்தான்.

இந்த வடிவம் வாசலுக்கும் வந்தது. 1937-ல் ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர், தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சை குத்தும் வடிவங்களையும் இந்தச் சுற்றுப்பாதையோடு சேர்த்து வைத்து 'ஃபோக்லோர்' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ஒரே கம்பியாக ஓடித் தொடங்கிய இடத்திலேயே முடியும் கோலங்களைக் கணக்காகவே ஆராய்ந்தார். சிக்குக் கோலம் போடும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் மனசு எங்கே இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சீர்காழிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சீர்காழியில் கல் அடுக்கிய சுற்றுக்கோட்டை கிடையாது. ஆனால் சொல்லாலேயே கட்டிய ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்த திருஞானசம்பந்தர் பாடிய திருவெழுகூற்றிருக்கைதான் அது. முதல் திருமுறையில் 128-வது பதிகம்.

இந்தப் பாட்டின் அமைப்பு விசித்திரமானது. பொருளோடு சேர்த்து எண்களும் உள்ளே ஓடும். முதலில் ஒன்று, இரண்டு, ஒன்று. அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, ஒன்று. அடுத்த முறை நான்கு வரை ஏறி, திரும்ப ஒன்றுக்கே இறங்கும். இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாகப் போய், ஏழு வரை ஏறி இறங்கும். எழுதி வைத்துப் பார்த்தால் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் தேர் மாதிரி தெரியும். அதனால் இதை ரதபந்தம் என்றும் சொல்வார்கள். சீர்காழிக்கு இருக்கும் 12 பெயர்களையும் இதற்குள்ளேயே வைத்திருக்கிறார்.

எண்ணும் ஏழு, சுற்றும் ஏழு. அதனால் இரண்டும் ஒன்று என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். கல் பாதையில் இருந்துதான் பாட்டு வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் படிப்பவர் அனுபவம் ஒன்று போலவே இருக்கிறது. கொஞ்சம் போய், திரும்பி, இன்னும் கொஞ்சம் போய், மறுபடி திரும்பி. ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே வந்தாலும், போன தூரம் கூடியிருக்கும். வேகமாக ஒப்பிக்க முயன்றால் எண் தப்பிவிடும். தப்பினால் மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். மூச்சை அடக்கி, நிதானமாகத்தான் சொல்ல முடியும்.

காவிரிக் கரையில் இந்த வடிவத்துக்குத் தனி மவுசு. கும்பகோணம் சாரங்கபாணி கோயில் பெருமாள் மீது திருமங்கையாழ்வார் ஒரு திருவெழுகூற்றிருக்கை பாடினார். பல நூற்றாண்டு கழித்து சுவாமிமலை முருகன் மீது அருணகிரிநாதர் ஒன்று பாடினார். சம்பந்தர் இதோடும் நிற்கவில்லை. மூன்றாம் திருமுறையில், முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகத்தையும் சீர்காழி மீதே பாடியிருக்கிறார். போன வழியே திரும்பி வருவது என்பதை எழுத்தெழுத்தாகச் செய்து காட்டியது மாதிரி.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் கும்பாபிஷேக வேலைக்காக மண் தோண்டியபோது, 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த 400-க்கும் அதிகமான செப்பேடுகளும் கிடைத்தன. செய்தி பார்த்த எல்லோரும் சிலைகளைத்தான் பேசினார்கள். பாட்டைச் செம்பில் வெட்டி மண்ணுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

அதே கோயிலின் அமைப்பும் ஒரு நடைதான். கீழே பிரம்மபுரீஸ்வரர், படியேறினால் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர். பிரகாரம் சுற்றி, உள்ளே போய், படியேறி, இறங்கி, மறுபடி பிரகாரத்துக்கு வருவதற்குள் கணிசமான நடை ஆகிவிடும்.

கோயில் பழக்கத்தில் சுற்றுப்பாதை நடைக்கு ரொம்ப நெருக்கமானது அடிப்பிரதட்சணம். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டினாற்போல வைத்து, அடி மேல் அடியாகப் பிரகாரத்தைச் சுற்றுவது. ஒரே ஒரு சுற்றுக்கே நேரம் பிடிக்கும், வேகமாகச் செய்யவே வழியில்லை. பாட்டிகள் இதைச் செய்வதைப் பார்த்து நாம் "காலு வலிக்கும், விடு பாட்டி" என்று சொல்லியிருப்போம். இப்போது நாமோ நவகிரகத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறோம், கையில் போன் இருக்கிறது, ஆறா ஏழா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம்.

உலகம் ஏன் இப்ப இதைப் பேசுது?

பிரான்ஸ் நாட்டில் ஷார்த்ர் என்ற ஊர் கதீட்ரலில், 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரையில் பதித்த சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது. 11 சுற்று. குறுக்களவு சுமார் 13 மீட்டர்தான், ஆனால் அதற்குள் மடித்து வைத்திருக்கும் பாதையின் நீளம் சுமார் 260 மீட்டர். ரொம்ப காலம் அதன்மேல் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். 1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கிரேஸ் கதீட்ரலைச் சேர்ந்த லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பெண் பாதிரியார், அதே வடிவத்தைத் துணியில் வரைந்து மக்களை நடக்க வைத்தார். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரி வளாகம், பல்கலைக்கழகம், சிறைச்சாலை என்று பரவியது. சாமி கும்பிடுபவர், கும்பிடாதவர், எந்த மதத்துக்காரரும் நடக்கலாம் என்பதே அது பரவக் காரணம்.

மருத்துவ ரீதியா ஆதாரம் இருக்கா?

இங்கேதான் கவனம் தேவை. நடப்பது மனசுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. மூச்சை நிதானமாக இழுத்து விட்டால் படபடப்பு குறையும் என்பதும் தெரிந்த விஷயம். ஆனால் சுற்றுப்பாதை நடையை மட்டும் தனியாக எடுத்துச் செய்த ஆய்வுகள் குறைவு. அவையும் பெரும்பாலும் சின்னச் சின்னக் குழுக்கள். நடந்து முடித்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதியவைதான் அதிகம். "மனசு அமைதியானது" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அது பாதையின் மகிமையா, பத்து நிமிஷம் போன் இல்லாமல் மெதுவாக நடந்ததன் பலனா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எங்கள் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய பங்கு. பாதை செய்யும் உதவி, அந்தப் பத்து நிமிஷத்தைக் கட்டிக்காப்பது.

உடற்பயிற்சிக் கணக்கிலும் இதைச் சேர்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது அடி மேல் அடி நடை. சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன வாக்கிங் தனி, இது தனி.

மனச்சோர்வு, பதற்ற நோய்க்கு இது மருந்தும் கிடையாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் "நான் சுத்திக்கிறேன், மாத்திரை வேணாம்" என்று நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் நடக்க வேண்டிய திசை ஆஸ்பத்திரிதான். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அதேபோல, பயிர் போன விவசாயியிடம் போய் "வட்டம் போட்டு நடங்க, சரியாகிடும்" என்று சொன்னால் அது கேலியாகத்தான் இருக்கும். வாய்க்கால் தூர்வாருவதும், இன்சூரன்ஸ் பணம் நேரத்துக்கு வருவதும் நடந்தால்தான் அந்தக் கவலையின் வேர் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு, எதுவும் செய்ய முடியாத நேரத்தில் மனசு போடும் வெட்டி ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்கவே இந்த நடை.

வீட்டிலேயே போடுவது எப்படி?

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ரொம்ப சுலபம். முதலில் பேப்பரில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அப்புறம் தரைக்குப் போகலாம்.

நடுவில் பெரிய கூட்டல் குறி போடுங்கள். அது பிரிக்கும் நாலு மூலையிலும் 'ட' எழுத்து மாதிரி ஒரு மடக்குக் கோடு. மடக்கின் முனை கூட்டலின் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும், கைகள் வெளியே நீளவேண்டும். நாலு 'ட'வுக்கும் வெளியே, மூலைக்கு ஒன்றாக நாலு புள்ளி. இப்போது ஓரத்தைப் பார்த்தால் ஒரு சதுரம் மாதிரி தெரியும். மூலைப் புள்ளிகளையும் சேர்த்து ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து முனை, மொத்தம் 16 முனை. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு நடுவில் ஒரே இடைவெளி இருக்கட்டும்.

இனி வளைவுகள். கூட்டலின் மேல்முனையில் தொடங்கி, அதற்கு வலப்பக்கம் அடுத்து இருக்கும் முனையில் சின்ன வளைவாகக் கொண்டுபோய்ச் சேருங்கள். அடுத்து, மேல்முனைக்கு இடப்பக்கம் இருக்கும் முனையில் தொடங்கி, முதல் வளைவின் மேலாகவே சுற்றி, வலப்பக்கம் காலியாக இருக்கும் அடுத்த முனையில் சேருங்கள். அவ்வளவுதான் விதி. இடப்பக்கம் ஒவ்வொரு முனையாகக் கீழே இறங்கி வரவேண்டும், வலப்பக்கமும் ஒவ்வொன்றாக இறங்கி வரவேண்டும். எட்டாவது வளைவு கூட்டலின் கீழ்முனையில் வந்து முடியும். அங்கே முடிந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கூட்டலின் கீழ்க்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் சந்துதான் வாசல். நடக்க வேண்டியது கோட்டின் மேல் இல்லை, கோடுகளுக்கு நடுவில் உள்ள சந்தில்.

முனைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டீர்களோ அதுதான் பாதையின் அகலம். ஒரு அடி விட்டால் மொத்தம் சுமார் 15 அடி அகலமான இடம் போதும். ஒன்றரை அடி விட்டால் 22, 23 அடி தேவைப்படும், வசதியாக நடக்கலாம். மொட்டைமாடியில் சாக்பீஸ், வாசலில் கோலமாவு, கொல்லையில் செங்கல், எது இருக்கோ அது. அறுவடை முடிந்த களத்தில் வைக்கோல் பிரி முறுக்கி வளைத்துப் போட்டால் இன்னும் அழகு. குழந்தைகளே ஓடி ஓடிப் போட்டுவிடுவார்கள். சக்கர நாற்காலிக்காரர் வர வேண்டும் என்றால் மூன்று அடி அகலம் விடுங்கள்.

நடக்கும்போது என்ன செய்யணும்?

பெரிய சடங்கு எதுவும் இல்லை. போனை வெளியே வைத்துவிடுங்கள். வாசலில் நின்று இரண்டு மூச்சு. மனசில் ஒரு கேள்வி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிலர் உள்ளே போகும்போது கேள்வியை நினைத்துக்கொண்டும், வெளியே வரும்போது அதை விட்டுவிட்டும் நடப்பார்கள். சிலர் அடிகளை எண்ணுவார்கள். சிலர் தெரிந்த பாட்டைச் சொல்வார்கள். நடுவில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் இஷ்டம். வெளியே வரும்போதும் அதே பாதையில்தான் வர வேண்டும். குறுக்கே தாண்டி வந்தால் பாதி நடைதான்.

இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் நடக்கலாம். எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழி விடுங்கள். மாமியார் மருமகள் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்பதை நாங்கள் சொல்வதாக இல்லை.

தலைசுற்றல் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிட்டு எழுந்தால் கிறுகிறுப்பு வருபவர்கள், முட்டி வலி அதிகம் உள்ளவர்கள் கவனமாக இருங்கள். திசை மாறி மாறித் திரும்புவதால் தலை சுற்றலாம். திருப்பங்களில் நின்று நின்று போகலாம், பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. முதல் முறை நடந்ததும் ஒன்றுமே தோன்றவில்லை என்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் தப்பில்லை, எல்லோருக்கும் எல்லாம் ஒத்துவராது. கோலமோ, நாற்று நடவோ, குளத்தங்கரையில் சும்மா உட்காருவதோ உங்களுக்கு அதே வேலையைச் செய்யலாம்.

மழைக்காலத்தில், நடக்க முடியாத வயசில்?

விரலால் நடக்கலாம். இத்தாலியில் லூக்கா என்ற ஊர் கதீட்ரல் முகப்பில், ஒரு தூணில் சுவரோடு சுவராகவே சுற்றுப்பாதையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விரலால் தடவிப் போவதற்கு. அதே மாதிரி பேப்பரில் போட்ட வடிவத்தில் ஆள்காட்டி விரலை வாசலில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். வலக்கைக்காரர் இடக்கை விரலால் செய்தால் வேகம் தானாகக் குறையும். அரிசியைத் தட்டில் பரப்பி அதில் வரைந்தும் செய்யலாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், பரீட்சைக்கு முன்னால் கை நடுங்கும் பிள்ளைகள், கரண்ட் போய் மழை கொட்டும் ராத்திரியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் செய்யலாம். உள்ளே போக மூன்று நான்கு நிமிஷம், வெளியே வர அதே அளவு. போன் வெளிச்சம் தேவையில்லை, ஒரு அகல் விளக்கு போதும்.